ஒழுங்கைக்குள் நிற்க எந்த லென்ஸ்?

கொழும்பு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கோட்டையில் ஒரு வங்கியில் வேலை. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் பஸ் ஏறாமல் புறக்கோட்டை, செட்டியார் தெரு, ஜம்பட்டா வீதி வழியாக நடந்தே வீட்டுக்குப் போகிறாராம். அந்த நடையில்தான் படம் எடுக்கிறார். கையில் இருப்பது கெனன் 200டி கமரா, அதோடு வந்த 18–55 சூம், பிறகு ஆசையாக வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். (மி.மீ. எண் குறையக் குறையப் படத்துக்குள் அகலமாக அடங்கும்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ளே வரும்.) கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"50ஐப் போட்டால் படம் வடிவாக வருகிறது. ஆனால் ஒழுங்கைக்குள் பின்னால் போக இடமில்லை, முதுகு சுவரில் முட்டுகிறது. சூமைப் போட்டால் எல்லாம் அடங்குகிறது, ஆனால் பின்னேர வெளிச்சத்தில் படம் கலங்கி வருகிறது. அகலமான பிரைம் லென்ஸ், சூம் இல்லாதது, ஒன்று வாங்க ஆசை. தெருப் படத்துக்கு 35தான் என்று கூட வேலை செய்யும் அண்ணா சொல்கிறார். கடைக்காரர் 16 அல்லது 20 எடுங்கள், இன்னும் அகலம் என்கிறார். இன்னொருவர் கமராவையே விற்றுவிட்டு, படம் பதியும் சென்சர் பெரிதான ஃபுல் ஃபிரேம் வாங்கச் சொல்கிறார். என்னால் ஒரு முறைதான் செலவழிக்க முடியும். பாவித்த லென்ஸ் வாங்கினால் பங்கஸ் (பூஞ்சணம்) பயம். என்ன செய்யட்டும் அக்கா?"

தங்கச்சி, பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் கமராவுக்கு, உங்கள் நடைக்கு, கெனன் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் வாங்குங்கள். 2014இல் வந்த லென்ஸ். பிஸ்கட் அடுக்குப் போலத் தட்டையானது, தடிப்பு 23 மில்லிமீற்றர்கூட இல்லை, எடை 125 கிராம். ஆனால் இன்றைக்கே கடைக்கு ஓட வேண்டாம். மூன்று வாரம் பொறுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 35 விஷயம். அண்ணா சொன்னது பிழையில்லை, ஆனால் அது உங்கள் கமராவுக்குச் சொன்னதில்லை. 35தான் தெரு லென்ஸ் என்ற பேச்சு பிலிம் காலத்திலிருந்து வருவது. 36 மில்லிமீற்றர் அகலமான பிலிம் துண்டுக்குச் சொன்ன கணக்கு அது. உங்கள் 200டியின் சென்சர் 22.3 மில்லிமீற்றர் அகலம்தான். ஆகவே லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 35ஐ வாங்கினால் 56 போலப் பார்க்கும். உங்கள் 50 இப்போது 80 போலப் பார்க்கிறது, அதனால்தான் முதுகு சுவரில் முட்டுகிறது. 24ஐப் போட்டால் 38. பழைய ஆட்கள் 35 என்று சொல்லும் பார்வைக்கு அது உங்கள் கமராவில் கிட்ட வரும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 35 வாங்கிவிட்டு, "அகலம் காணாதே அக்கா" என்று என்னிடம் வந்து நின்ற பிள்ளைகள் நிறையப் பேர். காசு போன பிறகு கணக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனி, இந்தக் கடிதத்தில் நான் உண்மையில் சொல்ல விரும்புவது. லென்ஸைத் தெரிவு செய்யும்போது எவ்வளவு அடங்கும் என்று பார்க்காதீர்கள். நீங்கள் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறவர் என்று பாருங்கள்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். நாட்டாமி ஒருவர் மிளகாய் மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். உங்களுக்கும் அவருக்கும் இடையே இரண்டு மீற்றர், அதாவது ஆறரை அடி. கையில் 50 இருந்தால், அந்தத் தூரத்தில் சட்டத்துக்குள் வருவது 90 சென்ரிமீற்றர் அகலம். முகம், தோள், வியர்வையில் ஒட்டிய சாரத்தின் மேல் மடிப்பு. வண்டி இல்லை, தெரு இல்லை. அவர் எதை இழுக்கிறார் என்றே தெரியாது. அதே இடத்தில் 24 இருந்தால் அகலம் 1.86 மீற்றர். தலையிலிருந்து தொடை வரை அவர் இருப்பார். வண்டியின் கைபிடி, முன்னால் சரிந்த மூட்டை, பின்னால் கடையின் மும்மொழிப் பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். சூமை 18க்குத் திருப்பினால் இரண்டரை மீற்றர். அவரோடு சேர்ந்து மின்கம்பி, நிறுத்தி வைத்த ஓட்டோவின் பின்பக்கம், வெறும் தார் எல்லாம் வந்துவிடும். அவர் சின்னதாகப் போய்விடுவார்.

கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் இதே கதைதான். ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 24க்கு இரண்டு மீற்றர் போதும், 50க்கு நான்கு மீற்றர் வேண்டும். நான்கு மீற்றர் அகலமான ஒழுங்கை புறக்கோட்டையில் எத்தனை இருக்கிறது? மருந்துச் சரக்குக் கடைகள் இருக்கிற கபோஸ் ஒழுங்கையில் சாக்குகள் வெளியே அடுக்கியிருக்கும் நேரத்தில் இரண்டு பேர் தோள் உரசாமல் விலகிப் போவதே பெரிய காரியம்.

இரண்டு மீற்றர் என்பது நாங்கள் ஒருவரோடு நின்று கதைக்கிற தூரம். கடை வாசலில் நின்று விலை கேட்கிற தூரம். 24 உங்களைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் உலகம் சுற்றினார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரி வினோகிராண்ட் நியூயோர்க் நடைபாதைகளில் 28ஐ வைத்துக்கொண்டு ஆட்களுக்குள் புகுந்து எடுத்தார். இருவரில் யார் சரி என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. ஒருவர் சற்றுத் தள்ளி நின்றார், மற்றவர் நெருங்கிப் போனார். நீங்கள் எங்கே நிற்கிறவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இப்போது தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்.

அதற்குத்தான் அந்த மூன்று வாரம். உங்கள் 18–55இன் சூம் வளையத்தை முதல் வாரம் 18இல் வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். வாரம் முழுக்க வளையத்தைத் தொடக் கூடாது. இரண்டாம் வாரம் 24. மூன்றாம் வாரம் 35. அதே வழி, அதே நேரம். வாரக் கடைசியில் படங்களைக் கொம்பியூட்டரில் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஓரங்களை வெட்டவேண்டி இருக்கிறதா, இல்லை இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் என்று இருக்கிறதா? ஒரு வாரத்துப் படங்களில் இரண்டும் தோன்றாது. அதுதான் உங்கள் அளவு.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பழைய படங்களை எல்லாம் எடுத்து, எந்த மில்லிமீற்றரில் அதிகம் எடுத்தீர்கள் என்று கணக்குப் பார்க்கலாம் என்பார்கள். பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். உங்களிடம் 18இல் எடுத்தவைதான் கூடுதலாக இருக்கும். அது உங்கள் விருப்பம் என்று நினைத்து 16 மி.மீ. வாங்க ஓடுவீர்கள். உண்மை என்னவென்றால், சூமை எடுத்ததும் வளையத்தை முட்டும் வரை திருப்புவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். முட்டி நின்ற இடம் 18. அங்கே நீங்கள் எதையும் தெரிவு செய்யவில்லை. நடுவில் 22, 24, 28, 35 என்று கிடக்கும் படங்கள்தான் யோசித்து எடுத்தவை. அவற்றை மட்டும் எண்ணுங்கள்.

கடைக்காரர் சொன்ன 16, 20 பற்றி. 20 உங்கள் கமராவில் 32 போலப் பார்க்கும், அது கெட்ட எண்ணில்லை. ஆனால் உங்கள் கமராவில் பொருந்தும்படி, இந்தச் சின்ன சென்சருக்கென்று கெனன் செய்த அகல பிரைம் இந்த 24 ஒன்றுதான். 20, 24 எஃப்/1.4 என்று கடையில் காட்டுகிறவை எல்லாம் பெரிய சென்சருக்காகச் செய்தவை. பாரம், விலை, முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் நீங்கள் காசு கொடுப்பீர்கள். அந்தக் கண்ணாடி தருகிற படத்தின் பரப்பில் பாதிக்கும் மேலானதை உங்கள் சென்சர் பார்க்கவே பார்க்காது.

மிக அகலமான லென்ஸில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இதை நானே பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பிலிம் கமராவில் 20 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்திருந்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளன்று, ஜூன் 13, கோவில் வாசலில் மெழுகுதிரியோடு நின்ற ஒரு வயதான அம்மாவை எடுத்தேன். கூட்டத்தையும் காட்ட வேண்டும் என்று அவரைச் சட்டத்தின் இடது ஓரத்தில் வைத்தேன். படத்தைக் கழுவிப் பார்த்தால் அவருடைய தலை மூலைப் பக்கமாக இழுபட்டு, கன்னம் வீங்கினதுபோல இருந்தது. மெழுகுதிரி பிடித்த கை முகத்தைவிடப் பெரிது. அவர் என்னிடம் ஒரு பிரதி கேட்டிருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த வருடம் அதே திருநாளுக்கு 35ஐக் கொண்டுபோய், அதே வாசலில் அவரைத் தேடிப் பிடித்து, நடுவில் நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தேன். முகத்தை ஓரத்தில் வைக்காதே என்று அன்றைக்குப் படித்தது. அகல லென்ஸ் ஓரங்களை நீட்டும். சுவரென்றால் பரவாயில்லை, மனிதர் என்றால் அவரை அவமதித்ததுபோல ஆகிவிடும்.

மூக்கு பெரிதாகத் தெரிவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு லென்ஸைக் குறை சொல்கிறோம், காரணம் தூரம். ஒருவருடைய முகத்துக்கு ஒன்றரை அடியில் போய் நின்றால் எந்த லென்ஸானாலும் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும். அகல லென்ஸ் உங்களை அவ்வளவு கிட்டப் போக விடுகிறது, அவ்வளவுதான். முகம் மட்டும் வேண்டுமென்றால் உங்களிடம் 50 இருக்கிறதே. அதை விற்க வேண்டாம். 24ஐக் கமராவில் போட்டு, 50ஐப் பையின் பக்கப் பொக்கற்றில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 300 கிராம் வராது.

கட்டிடங்களில் கவனமாக இருங்கள். நீங்கள் தினமும் தாண்டிப் போகும் சிவப்புப் பள்ளிவாசல், 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்பார், நெருக்கமான தெருவில் திடீரென்று மேலே எழும்பி நிற்கும். 50ஐ வைத்தால் சிவப்பும் வெள்ளையுமான வரிகள் மட்டும் வரும். 24ஐ அண்ணாந்து பிடித்தால் முழுதும் வரும், ஆனால் கோபுரங்கள் பின்னால் சாய்ந்துபோய் நிற்கும். கமராவை நேராகப் பிடித்து, கீழே தெருவையும் சேர்த்து எடுங்கள். கீழ்ப்பாதியில் ஒரு கைவண்டியோ தொப்பி விற்கிறவரோ வரும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் எதிர்ப் பக்கக் கடையின் மேல்மாடிக்குப் போகலாமா என்று கேளுங்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோவில் கோபுரங்களுக்கும் இதேதான். அந்தத் தெருவில் மாடியில் பட்டறை வைத்திருக்கும் நகைக் கடைக்காரர்கள் நல்லவர்கள். மரியாதையாகக் கேட்டால் எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

இனி வெளிச்சம். சூமில் படம் கலங்குவதாகச் சொல்கிறீர்கள். அதில் பாதிக்கு லென்ஸ் காரணமில்லை. கமராவைத் தானியங்கி முறையில் விட்டிருப்பீர்கள். மாலை ஆறு மணிக்கு அது ஷட்டரை 1/40க்கு இறக்கிவிடும். சூமில் உள்ள நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும். நடந்து வருகிற மனிதரை அது நிறுத்தாது. இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: ஷட்டரை 1/250இல் வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, தானாக ஏற விடுங்கள், மேல் எல்லை 6400. கொஞ்சம் மணல் மணலாக வரும். வரட்டும். கலங்கின முகத்தைத் திருத்த முடியாது, மணலைச் சகிக்கலாம்.

24இன் எஃப்/2.8 இதில் எவ்வளவு உதவும் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் சூம் 24இல் எஃப்/4க்குக் கிட்டத்தான் திறக்கும். 2.8 அதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் விடும். ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்ட இடத்தில் 1600 போதும். நல்ல உதவிதான், ஆனால் அதிசயமில்லை. அதோடு இந்த 24இல் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. வெசாக் கூடுகளை இரவில் எடுக்க ஆசைப்பட்டால் உங்கள் 50 எஃப்/1.8தான் கைகொடுக்கும். பின்னணி உருகிப் போகும் படங்களும் இதில் எதிர்பார்க்காதீர்கள். தெருப் படத்தில் பின்னணி உருகாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கடைப் பெயரும் சுவரொட்டியும் இல்லாவிட்டால் அது எந்த ஊரும் ஆகலாம்.

பகல் வெளிச்சம் இருக்கும்போது ஒரு வழி பழகுங்கள். எஃப்/8இல் வைத்து, இரண்டரை மீற்றர் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றில், ஒரு கடைத் தூணில் என்று வையுங்கள், ஃபோகஸ் பிடியுங்கள். அப்புறம் லென்ஸின் பக்கத்தில் உள்ள சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளுங்கள். இப்போது ஒன்றரை மீற்றரிலிருந்து ஏழு மீற்றர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கமரா ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் ஓடாது. கண்ணில் பட்டதும் அமர்த்தலாம். நாட்டாமி உங்களைத் தாண்டிப் போகும் நேரம் ஒரு வினாடிதான்.

ஃபுல் ஃபிரேம் வேண்டாம். உங்கள் கேள்வி ஒழுங்கையில் இடம் போதாததைப் பற்றியது, கமராவைப் பற்றியதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: இந்த இஎஃப்-எஸ் லென்ஸ் கெனனின் பழைய ஃபுல் ஃபிரேம் எஸ்எல்ஆர்களில் பொருந்தாது. பின்னொரு நாள் கெனனின் புதிய ஆர் வகைக் கமராவுக்கு மாறினால் அடப்டர் போட்டுப் பாவிக்கலாம், ஆனால் சென்சரின் நடுப்பகுதியை மட்டும்தான் அது பாவிக்கும். அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம். இவ்வளவு சின்ன லென்ஸில் பெரிய நட்டம் வராது.

வேறு கமரா வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சோனி, ஃபுஜி, நிக்கோனின் சின்ன சென்சர் கமராக்களில் 1.5ஆல் பெருக்குங்கள், 23 அல்லது 24 தேடுங்கள். ஃபுஜியில் 23 எஃப்/2, நிக்கோன் இசட் வகையில் 24 எஃப்/1.7 இரண்டும் பையில் பாரம் தெரியாதவை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் இரண்டால் பெருக்குங்கள், 17 போதும்.

லென்ஸ் சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான் கமராவோடு கொழும்புத் தெருவில் இறங்கிய காலம் யுத்த காலம். ஒரு தமிழ்ப் பெண், தோளில் பெரிய லென்ஸ், அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. ஒரு படம் எடுக்க முன்னம் மூன்று இடத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் சின்ன லென்ஸோடு போனால்தான் வேலை நடக்கும். இன்று அந்த நிலைமை இல்லை. ஆனாலும் துறைமுக வாசல்கள், படையினர் நிற்கும் இடங்கள் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். கேள்வி கேட்டால் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெருவில் நிற்கிற சாதாரண மனிதருக்கும் இதேதான். பெரிய கண்ணாடி ஒன்று தன்னை நோக்கித் திரும்பினால் யாரும் இறுகிப் போவார்கள். தட்டையான 24ஐப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

இனிப் பங்கஸ். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்களில் பலர் பாவித்த லென்ஸ்தான் வாங்குகிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொழும்பு கடலோரம், ஈரக் காற்று, மூடிய அலுமாரி. பங்கஸுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. நான் ஒருமுறை பாவித்த 28 ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். ரியூப் லைற் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பளிங்குபோல இருந்தது. ஒரு மாதத்தில், வெயிலுக்கு எதிராக எடுத்த படமெல்லாம் பால் ஊற்றினதுபோல வந்தது. வீட்டில் இருட்டு அறையில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய நரம்புகள் ஓடியிருந்தன. சுத்தம் செய்யக் கொடுத்தேன். நரம்பு போனது, அது அரித்துவிட்ட கண்ணாடிப் பூச்சு திரும்பி வரவில்லை.

அதனால் போனிலுள்ள டோர்ச்சோடு கடைக்குப் போங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்தால் வெளிச்சத்தைச் சரிவாக அடித்து முன்னால் பாருங்கள், பிறகு மாறிப் பாருங்கள். கெனன் லென்ஸ் கமராவில் இல்லாதபோது முழுதாகத் திறந்துதான் இருக்கும், அதனால் உள்ளே எல்லாம் தெரியும். ஒன்றிரண்டு தூசுத் துணிக்கை இருந்தால் பரவாயில்லை. கிளைவிட்ட நரம்போ, மூச்சு விட்டதுபோல மங்கலோ இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வைத்துவிட்டு வாருங்கள். எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையம் கமராவில் போட்டு இயக்கினால்தான் வேலை செய்யும். கையில் வைத்துத் திருப்பி ஒன்றும் அசையவில்லை என்று பழுதாக நினைக்காதீர்கள். உங்கள் கமராவைக் கொண்டுபோய், கடைச் சுவரில் ஒரு பத்திரிகைப் பக்கத்தை ஒட்டி, எஃப்/2.8இல் நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் கலங்கினால் அந்த லென்ஸ் எப்போதோ விழுந்திருக்கிறது.

வாங்கிய பிறகு அலுமாரியில் தோல் பைக்குள் வைக்காதீர்கள். றப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர். 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவுத் தூசு உள்ளே போகும்.

உங்களுக்கு வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். நாள் முழுக்க வங்கியின் ஏசிக்குள் குளிர்ந்த லென்ஸை ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால் உடனே பனி பிடிக்கும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் பிடிக்கும். நாலரைக்கே பையை, சிப்பைத் திறக்காமல், ஏசி இல்லாத பாதுகாப்பான இடம் ஒன்றில் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் புகையிரத நிலையம் தாண்டும்வரை பையைத் திறக்காதீர்கள். கண்ணாடி மெல்ல மெல்லச் சூடேறிவிடும். காலிமுகத்திடல் பக்கம் போய் வந்தால் அன்றிரவே சற்று ஈரமான துணியால் லென்ஸின் வெளிப்புறத்தைத் துடையுங்கள், உப்பு நிற்கக் கூடாது.

கடைசியாக, கிட்டப் போவது. கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 24 உங்களை ஒளிந்து நிற்க விடாது, அது உண்மை. ஆறடியில் நின்று ஒருவரை எடுத்தால் அவருக்குத் தெரியும். அதனால் முதலில் வாயைத் திறவுங்கள். "நானா, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டால் மிளகாய்க் கடை நானா முதலில் நிமிர்ந்து நிற்பார், சட்டையை இழுத்துவிடுவார். அந்த ஒரு படத்தை எடுத்து அவருக்குக் காட்டுங்கள். நன்றி சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் அவர் தராசுக்குத் திரும்பிவிடுவார். உங்களுக்கு வேண்டிய படம் அப்போது வரும். வேண்டாம் என்று கையைக் காட்டினால் கமராவை இறக்கிவிட்டுப் போய்விடுங்கள், நாளைக்கும் அதே வழியால்தான் நடக்கப் போகிறீர்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வாரத்திலிருந்தும் பத்துப் படம் எனக்கு அனுப்புங்கள். நல்லவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம், சரிவராதவையும் வேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை அடியில் நின்று எடுத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். 24 பிளாஸ்டர் வாரத்துப் படங்களை ஆறு, ஏழு அடியில் எடுத்திருந்தால் அடுத்த நாளே டோர்ச்சோடு கடைக்குப் போகலாம்.